சுண்டெலியின் வால் சொன்ன சாட்சி: மூளைக்குள் வலிநிவாரணி தேடிய கதை

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.)

இன்னிக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஒரு சுண்டெலிக்கு வலிக்குதா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்?

மனுஷங்கன்னா கேட்டுடலாம். டாக்டர் "பத்துக்கு எத்தனை வலி?"ன்னு கேட்பார். நாம "ஏழு"ன்னு சொல்லுவோம். அது துல்லியமான அளவு இல்லைதான், ஆனாலும் நம்ம வாயால வர்ற பதில். சுண்டெலிகிட்ட அப்படிக் கேட்க முடியாது. அது என்ன செய்கிறது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். காலை நக்குகிறதா, வாலை வெடுக்கென்று இழுக்கிறதா, துள்ளிக் குதிக்கிறதா? வலியைப் பற்றி அது நமக்குத் தருகிற ஒரே சாட்சி அதன் அசைவு.

இங்கேதான் சிக்கல். ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு, சூடான தட்டில் வைத்த சுண்டெலி சும்மாவே நிற்கிறது என்று வையுங்கள். அதற்கு வலிக்காமல் இருக்கலாம். அல்லது நன்றாகவே வலித்து, அசைய மட்டும் முடியாமல் போயிருக்கலாம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நம்ம மூளை தானே சுரக்கிற சில சின்னச் சின்னப் புரதத் துண்டுகள் உண்டு. நியூரோபெப்டைட் என்று பெயர். ஒரு நரம்பு செல் இன்னொரு நரம்பு செல்லுக்கு அனுப்புகிற சேதி மாதிரி. இவற்றில் பல, வலியையும் தொடும், அசைவையும் தொடும். அதனால் இவற்றின் வரலாறு முழுக்க அந்த இரட்டை அர்த்தம் பின்னாலேயே வருகிறது. எண்டார்ஃபின் என்ற பேரை ஜிம்ல, ரீல்ஸ்ல எல்லாம் கேட்டிருப்பீங்க. அதன் பின்னால் இருக்கிற கதையைத்தான் இன்னிக்குப் பேசப் போறோம்.

முதலில் ஒரு வால்

வருஷம் 1911. ஜெர்மனியில் வால்டர் ஸ்ட்ரௌப் என்ற மருந்தியலாளர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். சுண்டெலிக்கு மார்ஃபின் ஊசி போட்டால், கொஞ்ச நேரத்தில் அதன் வால் விறைத்து மேலே எழும்பி, முதுகுப் பக்கமாக ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்து நிற்கும். வாலின் அடியில் இருக்கிற தசை இறுகிப் போவதுதான் காரணம். இன்றைக்கும் இதற்கு 'ஸ்ட்ரௌப் வால்' என்றுதான் பெயர்.

மிகக் குறைந்த அளவு மார்ஃபினுக்கே வால் எழும்பிவிடும். ரசாயனப் பரிசோதனைகள் இன்றைய அளவுக்கு வளராத காலம் அது. அதனால் சுண்டெலியின் வாலையே ஒரு கருவியாக்கினார்கள். 1930களில் அமெரிக்காவில் பந்தயக் குதிரைகளுக்குத் திருட்டுத்தனமாக ஊக்கமருந்து கொடுக்கிற பிரச்சினை பெரிதாக இருந்தது. குதிரையின் எச்சிலை எடுத்து, அதிலிருந்து பிரித்த சாற்றைச் சுண்டெலிக்குச் செலுத்திப் பார்ப்பார்கள். வால் எழும்பினால் குதிரை மாட்டிக்கொண்டது!

கவனிங்க, மார்ஃபின் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது வலி குறைப்பு. ஆனால் சுண்டெலியின் உடம்பில் அது முதலில் காட்டிக்கொடுத்தது தசையை, அதாவது அசைவை. வலியும் அசைவும் ஒரே மருந்துக்குள் பின்னிக் கிடக்கின்றன என்பது அன்றைக்கே கண் முன்னால் இருந்தது.

அடுத்ததாக வலியை அளக்கும் முறைகள் வந்தன. 1941இல் டி'ஆமோர், ஸ்மித் என்ற இருவர், எலியின் வாலில் சூடான ஒளிக்கற்றையைப் பாய்ச்சி, எத்தனை விநாடியில் வாலை இழுக்கிறது என்று கணக்கெடுக்கும் முறையை வெளியிட்டார்கள். 1944இல் உல்ஃப், மெக்டொனால்ட் என்ற இருவர் சூடான தட்டு முறையை விவரித்தார்கள். இன்று பெரும்பாலும் 55 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கப்பட்ட தட்டு அது. சுண்டெலி பாதத்தை நக்கும் வரை அல்லது துள்ளும் வரை ஸ்டாப்வாட்ச் ஓடும். உடனே எடுத்துவிடுவார்கள். ஒன்றுமே செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட விநாடிக்கு மேல் விடமாட்டார்கள், இல்லையென்றால் பாதம் வெந்துவிடும்.

இந்த இரண்டு சோதனைகளும் ஒன்றல்ல என்பதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். வாலை இழுப்பது பெரும்பாலும் தண்டுவடத்தின் அனிச்சை வேலை. நாம சூடான பாத்திரத்தைத் தொட்டவுடன், 'ஐயோ' என்று நினைப்பதற்கு முன்பே கை பின்வாங்குமே, அந்த மாதிரி. பாதத்தை நக்குவதற்கும் துள்ளுவதற்கும் மூளையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்.

அசைவுக் குழப்பத்தைப் பிரிக்க 1957இல் இன்னொரு கருவி வந்தது. டன்ஹம், மியா இருவரும் விவரித்த சுழலும் உருளை, 'ரோட்டராட்'. மெதுவாகச் சுற்றும் ஒரு கம்பின் மேல் சுண்டெலியை ஏற்றிவிடுவார்கள். விழாமல் நடக்க முடிகிறதா? நடந்தால், தசையும் சமநிலையும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். விழுந்தால், சூடான தட்டில் அது அமைதியாக நின்றதை வலிநிவாரணம் என்று அவசரப்பட்டு எழுதக்கூடாது.

அபர்டீனும் பன்றி மூளையும்

1973ஆம் ஆண்டுக்கு வருவோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரும் அவருடைய ஆராய்ச்சி மாணவி கேண்டஸ் பெர்ட்டும், மூளையில் மார்ஃபின் போய் ஒட்டிக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கில் எரிக் சைமன், ஸ்வீடனின் உப்சாலாவில் லார்ஸ் டெரினியஸ் ஆகியோரும் தனித்தனியாக இதையே காட்டினார்கள். ஏற்பி என்பது பூட்டு மாதிரி. மார்ஃபின் அதற்குப் பொருந்துகிற சாவி.

அப்போ ஒரு கேள்வி தானாக வரும். மார்ஃபின் ஒரு செடியின் பால். கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடிவது. ஒரு செடியின் பாலுக்காக நம்ம மூளை ஏன் பூட்டு செய்து வைத்திருக்க வேண்டும்? பூட்டு இருக்கிறது என்றால், உடம்புக்குள்ளேயே சொந்தச் சாவி ஒன்று இருக்க வேண்டுமே?

இந்தச் சாவியை ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இரண்டு பேர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ். பெர்லினில் பிறந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு 1934இல் ஜெர்மனியை விட்டு வெளியேறி அபர்டீன் வந்தவர். 1973இல் 70 வயதில் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். எல்லாரும் வீட்டுக்குப் போகிற வயதில் அவர் போதை மருந்துகளை ஆராய ஒரு புது ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இன்னொருவர் அவரைவிட மிக இளையவரான ஜான் ஹியூஸ்.

இவர்கள் கையில் இருந்த கருவி கொஞ்சம் சிரிப்பு வரவைக்கும். சுண்டெலியின் விந்துக் குழாய்! அந்தச் சின்னக் குழாயை எடுத்து உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மின்சாரத் துடிப்பு கொடுத்தால் அது சுருங்கும். மார்ஃபின் ஒரு சொட்டு விட்டால் அந்தச் சுருக்கம் குறையும். நாலோக்சோன் என்ற மருந்தை விட்டால் மார்ஃபினின் வேலை ரத்தாகி, மறுபடி சுருங்க ஆரம்பிக்கும். நாலோக்சோன் என்பது பூட்டுக்குள் போய் அடைத்துக்கொண்டு சாவியை உள்ளே விடாத பொருள். இன்றைக்கும் ஓபியாய்டு மருந்து அளவுக்கு மீறி மூச்சு நின்றுபோகிறவர்களைக் காப்பாற்றுவது இதே நாலோக்சோன்தான்.

ஹியூஸ் இறைச்சிக்கூடத்தில் இருந்து பன்றி மூளைகளை வாங்கி வந்து, அரைத்து, வடித்து, பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் அந்தக் குழாயின் மேல் சொட்டு விட்டுப் பார்த்தார். ஒரு பகுதியை விட்டபோது சுருக்கம் குறைந்தது. நாலோக்சோன் விட்டதும் திரும்பி வந்தது. செடியில் இருந்து வராத, மூளையே செய்த மார்ஃபின் மாதிரி ஒரு பொருள்.

1975 டிசம்பரில் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். வெறும் 5 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் இரண்டு வகை, கடைசி மணி மட்டும் வேறு. 'தலைக்குள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து என்கெஃபலின் என்று பேர் வைத்தார்கள். இன்னொரு சுவாரசியம் என்னவென்றால், இதே 5 மணிகள் இன்னொரு நீளமான சங்கிலிக்குள் ஒளிந்திருந்தன. அந்த நீளச் சங்கிலியைச் சோ ஹாவ் லீ என்ற சீன அமெரிக்க விஞ்ஞானி 1960களிலேயே எழுதி வெளியிட்டிருந்தார். பத்து வருஷம் அச்சில் கிடந்தது, யாருக்கும் அதன் அருமை தெரியவில்லை. அதே லீ 1976இல் ஒட்டகத்தின் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்து 31 மணிகள் கொண்ட இன்னொன்றைப் பிரித்தார். அதுதான் பீட்டா எண்டார்ஃபின். 'உடம்பின் உள்ளே உருவாகும் மார்ஃபின்' என்பதன் சுருக்கம்தான் எண்டார்ஃபின்.

1978இல் லாஸ்கர் விருது ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ், ஸ்னைடர் மூவருக்கும் போனது. கேண்டஸ் பெர்ட்டுக்கு இல்லை. ஏற்பியைக் கண்டுபிடித்த ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயரே அவருடையதுதான். அவர் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார். விருதுகளில் மாணவர்களின் உழைப்பு, குறிப்பாகப் பெண்களின் உழைப்பு, எங்கே போகிறது என்று பேசும்போதெல்லாம் இந்தச் சம்பவம் இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

உறைந்து போன எலி

எல்லாருக்கும் ஒரு கனவு வந்தது. மூளையின் சொந்தச் சரக்கு என்றால் அதற்கு அடிமையாக மாட்டோம் அல்லவா? போதை இல்லாத வலிநிவாரணி கையில் கிடைத்துவிட்டதே!

கனவு ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1976இலேயே வெய், லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தப் பெப்டைட்களை எலிகளின் மூளைக்குள் தொடர்ந்து செலுத்திப் பார்த்தார்கள். பிறகு நாலோக்சோன் கொடுத்ததும், போதையை நிறுத்தியவர்களுக்கு வருகிற மாதிரி விலகல் அறிகுறிகள் வந்தன. பூட்டு ஒன்றுதானே. சாவி எந்தக் கடையில் செய்தது என்று பூட்டுக்குத் தெரியாது.

அதே 1976 நவம்பரில், சயன்ஸ் இதழின் ஒரே வெளியீட்டில், அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு கட்டுரைகள் வந்தன. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இது. இரண்டிலும் பீட்டா எண்டார்ஃபினை எலியின் மூளைக்குள் செலுத்தியிருந்தார்கள். இரண்டிலும் எலி மரக்கட்டை மாதிரி உறைந்து போனது. கண் திறந்திருக்கும், உடம்பு விறைத்திருக்கும், எந்த நிலையில் வைத்தாலும் அப்படியே கிடக்கும். முதல் கட்டுரை, ஃப்ளாய்ட் ப்ளூம், ரோஜர் கியெமன் முதலியோர் எழுதியது. மணிக்கணக்கில் நீடித்த இந்த விறைப்பு நாலோக்சோன் கொடுத்ததும் விலகியதைப் பார்த்த அவர்கள், இந்தப் பெப்டைட்தான் மனநோய்க்கு ஒரு காரணமாக இருக்குமோ என்று கேட்டார்கள். இரண்டாவது, ஜாக்கெட், மார்க்ஸ் இருவர் எழுதியது. மனநோய்க்குக் கொடுக்கிற மருந்துகளும் எலியை இப்படித்தான் உறைய வைக்கும், ஆகவே இது மூளை தானே தயாரிக்கிற மனநோய் மருந்தாக இருக்குமோ என்று அவர்கள் கேட்டார்கள்.

ஒரே பொருள், ஒரே மாதிரி உறைந்த எலி. ஒருவருக்கு அது நோய், மற்றவருக்கு அது மருந்து. எலி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அசையாமல் கிடந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பார்த்தவர்கள் எழுதிக்கொண்டது.

அனாதை ஏற்பியின் கதை

இப்போ 1990களுக்குத் தாவுவோம். மரபணுக்களைப் படிக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது. 1994இல் பல ஆய்வுக்கூடங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒரு புது ஏற்பியைக் கண்டுபிடித்தன. பார்ப்பதற்கு மார்ஃபின் ஏற்பிகளின் கூடப்பிறந்தது மாதிரியே இருந்தது. ஆனால் மார்ஃபினோ, என்கெஃபலினோ, எண்டார்ஃபினோ எதுவும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை. பூட்டு இருக்கு, சாவி இல்லை. இந்த மாதிரி ஏற்பிகளை ஆய்வுலகில் 'அனாதை ஏற்பி' என்று சொல்வார்கள்.

1995இல் இரண்டு குழுக்கள் சாவியைக் கண்டுபிடித்தன. பிரான்சின் துலூஸ் நகரில் ழான்-க்ளோட் மூனியே குழு எலி மூளையில் இருந்தும், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒலிவியெ சிவெல்லி, ரைனர் ரைன்ஷைட் குழு பன்றி மூளையில் இருந்தும் அதைப் பிரித்தன. 17 அமினோ அமிலங்கள். வழக்கமான ஓபியாய்டு பெப்டைட்கள் எல்லாம் டைரோசின் என்ற மணியில் தொடங்கும். இது ஃபினைல் அலனினில் தொடங்கியது. அந்த ஒரு மணி மாறினாலே பழைய பூட்டுகளுக்குள் நுழைய முடியாது.

இரண்டு குழுவும் அதைச் சுண்டெலிகளின் மூளைக்குள் செலுத்திப் பார்த்தன. துலூஸ் குழு சூடான தட்டில் வைத்துப் பார்த்தது. சுண்டெலிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே துள்ளின. அதாவது வலி கூடியிருக்கிறது! மார்ஃபினின் குடும்பத்தில் பிறந்துவிட்டு, வலியைக் குறைக்காமல் கூட்டுகிற ஒரு பெப்டைட். அதனால் 'நோசிசெப்டின்' என்று பேர் வைத்தார்கள். நோசி என்றால் தீங்கு, அந்த வேரில் இருந்து வந்தது. பாசல் குழு பார்த்தது கொஞ்சம் வேறு. சுண்டெலிகளின் நடமாட்டம் குறைந்தது. சூடான தட்டுச் சோதனையில் வலி குறைந்ததாகத் தெரியவில்லை. வால் இழுக்கும் சோதனையில் மட்டும் வலி கூடியதாகத் தெரிந்தது. அவர்கள் வைத்த பேர் 'ஆர்ஃபனின் எஃப்.க்யூ.' அனாதை ஏற்பியின் துணை என்பதால் ஆர்ஃபனின். சங்கிலியின் முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் உரிய எழுத்துகள் எஃப், க்யூ.

மந்தமாக நடக்கிற சுண்டெலி, வாலை மட்டும் வேகமாக இழுக்கிறது. அசைவு குறைந்து, வலி எதிர்வினை கூடுகிறது. அப்போ இது கண்டிப்பாக வலியைக் கூட்டுகிற பெப்டைட்தான் என்று தோன்றும் இல்லையா? சோம்பலால் ஏற்பட்ட குழப்பம் என்றால் எதிர்வினை தாமதமாகத்தானே வர வேண்டும்?

இங்கேதான் ஜெஃப்ரி மோகில் கதைக்குள் வருகிறார். கலிபோர்னியாவில் ஜான் லீபெஸ்கிண்ட் என்ற பேராசிரியரிடம் படித்தவர். லீபெஸ்கிண்டின் ஆய்வுக்கூடம் 1980 வாக்கில் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டியிருந்தது. எலிக்குப் பயமும் மன அழுத்தமும் வந்தால், அதன் மூளை தானாகவே வலியைக் குறைத்துக்கொள்ளும். அழுத்தம் எந்த வகை என்பதைப் பொறுத்து, சில நேரம் இது சொந்த ஓபியாய்டுகள் மூலம் நடக்கும், சில நேரம் வேறு வழியில் நடக்கும். நமக்கும் இது தெரியும்தானே. பைக்கில் இருந்து விழுந்த உடனே எழுந்து வண்டியைத் தூக்கி ஓரமாக விடுவோம். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் முழங்கால் எரிய ஆரம்பிக்கும்.

1996இல் மோகில், டேவிட் கிராண்டி முதலியோர் ஓரெகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த சுண்டெலிகளுக்கு, அதாவது பெப்டைட் கொடுக்காமல் வெறும் உப்புநீர் மட்டும் மூளைக்குள் செலுத்திய சுண்டெலிகளுக்கு, என்ன நடக்கிறது?

ஊசியே போடாத சுண்டெலிகளோடு ஒப்பிட்டால், உப்புநீர் ஊசி போட்டவை சூட்டை அதிக நேரம் தாங்கின. யோசித்துப் பாருங்க. ஒரு சின்ன ஜீவனைப் பிடித்து, தலைக்குள் ஊசி செலுத்தினால் அதற்கு எவ்வளவு அழுத்தம்! அந்த அழுத்தத்தில் அதன் மூளை சொந்த ஓபியாய்டுகளைத் திறந்துவிட்டிருந்தது. புதிய பெப்டைட் செய்தது, அந்தச் சொந்த ஓபியாய்டுகளின் வேலையை ரத்து செய்தது. அதனால் சுண்டெலிகள் தங்கள் இயல்பு நிலைக்குத் திரும்பின. பக்கத்தில் ஊசியால் மரத்துப்போன சுண்டெலிகளோடு வைத்துப் பார்த்ததால், இயல்பு நிலையே 'கூடுதல் வலி' மாதிரித் தெரிந்திருக்கிறது. அவர்கள் இதை 'ஓபியாய்டுக்கு எதிராக வேலை செய்யும் பெப்டைட்' என்று அழைத்தார்கள்.

எனக்கு இதில் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. எலியை அளக்கிற செயலே எலியை மாற்றிவிட்டது. அளப்பவர்களுக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே ஊசிதான்.

கதை அதோடும் முடியவில்லை. அதே பெப்டைட்டைத் தண்டுவடத்தில் செலுத்தினால் வலி குறைகிறது. குரங்குகளிலும் அந்த ஏற்பியைத் தூண்டுவது வலியைக் குறைத்தது. ஒரே சேதி, மூளையில் ஓர் அர்த்தம், தண்டுவடத்தில் இன்னோர் அர்த்தம். 'வலி பெப்டைட்' என்று ஒற்றை முத்திரை குத்துவது எவ்வளவு ஆபத்து என்று புரிகிறதா?

அறைக்குள் யார் நிற்கிறார்?

மோகில் பிறகு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2010இல் அவருடைய குழு சுண்டெலிகளின் முகபாவத்தை அளக்கும் முறையை வெளியிட்டது. கண் இடுங்குவது, மூக்கு உப்புவது, கன்னம் உப்புவது, காது பின்னால் போவது, மீசை நிலை மாறுவது என்று 5 அடையாளங்கள். வாலும் பாதமும் மட்டுமே சாட்சி சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் கடைசியாக ஒரு முகம் வந்தது.

2014இல் அந்த முகத்தை வைத்தே இன்னோர் அதிர்ச்சி. ஆய்வாளர் ஆணாக இருந்தால் எலிகளும் சுண்டெலிகளும் குறைவாக வலி காட்டின. பெண்ணாக இருந்தால் அந்த மாற்றம் இல்லை. ஆளே வேண்டாம், ஓர் ஆண் ராத்திரி போட்டுக்கொண்டு தூங்கிய டி-ஷர்ட்டைப் பக்கத்தில் வைத்தாலே போதும். ஆண் வாசனை அவற்றுக்கு அழுத்தம் தருகிறது, அழுத்தம் வலியை அமுக்குகிறது. பழக்கமில்லாத பிற விலங்குகளின் ஆண் வாசனைக்கும் அதே விளைவு. இப்போ நினைச்சுப் பாருங்க, நூறு வருஷ ஆய்வுக் கட்டுரைகளில் எத்தனையில் 'ஊசி போட்டது ஆணா பெண்ணா' என்று எழுதியிருப்பார்கள்?

இதில் நமக்கு என்ன?

"சரி, எலிக்கு வலிச்சா என்ன, வலிக்காட்டி என்ன, நமக்கென்ன?"ன்னு நீங்க கேட்கலாம். ஒரு பதில் சொல்றேன். அதோட பேரு 'சப்ஸ்டன்ஸ் பி'.

1931இல் லண்டனில், ஹென்றி டேலின் ஆய்வுக்கூடத்தில், உல்ஃப் வான் ஆய்லர் என்ற இளைஞரும் ஜான் காடமும் குதிரையின் குடலிலும் மூளையிலும் இருந்து பிரித்த பொருள் இது. அவர்கள் குறிப்பேட்டில் அந்தத் தயாரிப்புக்கு 'பி' என்று அடையாளம் போட்டிருந்தார்கள், அதுவே பேராகிவிட்டது. 40 ஆண்டுகள் கழித்து, 1970-71இல், அமெரிக்காவில் சூசன் லீமன் குழு வேறொரு ஹார்மோனைத் தேடும்போது, எலிகளுக்கு எச்சில் ஊறவைக்கிற ஒரு பெப்டைட்டைக் கண்டார்கள். அதைச் சுத்தப்படுத்திப் பார்த்தால் பழைய சப்ஸ்டன்ஸ் பி! 11 அமினோ அமிலங்கள்.

1981இல் ஹில்டன், வில்காக்ஸ் இருவரும் அதைச் சுண்டெலியின் தண்டுவடப் பகுதியில் செலுத்தினார்கள். சுண்டெலி உடனே தன் உடம்பைக் கடிக்கவும் சொறியவும் ஆரம்பித்தது. இது வலிதான் என்றனர் பலர். வெறும் அசைவுத் தூண்டலாகவோ அரிப்பாகவோ இருக்கலாமே என்றனர் சிலர். மறுபடி அதே பழைய கேள்வி. இருந்தாலும் மருந்து நிறுவனங்கள் நம்பிக்கையோடு இறங்கின. சப்ஸ்டன்ஸ் பியின் பூட்டை அடைத்தால் வலி நிற்கும் என்று கணக்குப் போட்டார்கள். விலங்குகளில் பலன் தெரிந்தது. மனிதர்களிடம் கொண்டுபோனபோது, சோதனைக்கு மேல் சோதனையில், வலி குறையவில்லை.

அந்த மருந்து வகை கடைசியில் வேறு விதத்தில் பிழைத்தது. புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுப்பவர்களின் வாந்தியை நிறுத்த அது நன்றாக வேலை செய்தது. அந்த வகையில் முதல் மருந்தான அப்ரெபிடன்ட் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதிலும் ஒரு வேடிக்கை. எலிகளால் வாந்தி எடுக்கவே முடியாது, அவற்றின் உடலமைப்பு அப்படி. எலியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தப் பயன் கண்ணில் பட்டிருக்கவே படாது. ஃபெரட் என்ற கீரி மாதிரியான விலங்கில்தான் சோதித்தார்கள்.

ஒரு பக்கம் தீராத வலியோடு தினமும் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். இன்னொரு பக்கம் வலிக்காகத் தொடங்கிய ஓபியாய்டு மருந்துக்கு அடிமையாகி உயிரை விட்டவர்கள், அமெரிக்காவில் மட்டும் லட்சக்கணக்கில். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நல்ல மருந்து வேண்டும். அதற்கான தேடலில் முதல் சாட்சி இன்னமும் ஒரு சுண்டெலியின் வாலும் பாதமும்தான். அந்தச் சாட்சியை நாம் தவறாகப் படித்தால், பல வருஷ உழைப்பு வீண், நோயாளியின் காத்திருப்பு வீண், செத்துப்போன எலிகளின் உயிரும் வீண்.

இதனால் எலி ஆய்வுகளே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. அபர்டீனில் ஒரு சுண்டெலியின் குழாய் இல்லாமல் என்கெஃபலின் கிடைத்திருக்காது. மோகில் தவறைக் கண்டுபிடித்ததும் சுண்டெலிகளை வைத்தேதான். இன்னும் கவனமாகப் பார்த்தார், அவ்வளவுதான்.

அடுத்த முறை உங்க ஃபீட்ல "எலிகளில் வலியை நிறுத்தும் மூளை ரசாயனம் கண்டுபிடிப்பு" என்று ஒரு செய்தி வந்தால், மூன்று கேள்வி கேளுங்க. எலிக்கு வலி குறைந்ததா, அசைவு குறைந்ததா? எந்தச் சோதனை, வாலா, பாதமா, முகமா? ஒப்பிட வைத்திருந்த எலிகள் எந்த நிலையில் இருந்தன? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தச் செய்தியை நண்பர்களுக்கு அனுப்புங்க. இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்க.

இன்னிக்கு இவ்வளவுதான்.